12 போர் என்ற எண் சொல்லாதவை

இலங்கையின் வன்னியில், இரணைமடுக் குளத்துக்குத் தெற்கிலும் கிழக்கிலும் காடு. வடக்கே வாய்க்கால் இறங்கிப் போகும் வயல்வெளி. கனகராயன் ஆற்றை மறிக்க 1902 இல் தொடங்கிய அணைக்கட்டு வேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. வட்டக்கச்சி, இராமநாதபுரம், முரசுமோட்டை என்று அந்தத் தண்ணீரை நம்பி ஊர்கள் தழைத்தன. காடு எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுப்பன்றி மட்டும் ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. கதிர் பால் பிடிக்கும் நாட்களில் ஒரு கூட்டம் வயலுக்குள் இறங்கினால், அது தின்பதைவிட உழக்கி நாசமாக்குவதே அதிகம். இரவுக் காவல், தகரம் தட்டுதல், வெடி கொளுத்துதல் எல்லாம் செய்து பார்த்து, கடைசியில் பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்தோடு ஒரு துவக்கு வாங்க முடிவெடுக்கும் கமக்காரர் முன்னால் இரண்டு துவக்குகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 12 போர். ஒன்று ஒற்றைக் குழல், நடுவில் மடித்துத் திறப்பது, பாரமானது. மற்றது அரைத் தானியங்கி, இலகுவானது, மீண்டும் அடைக்காமல் நாலைந்து வெடி தீர்க்கக்கூடியது. போர் ஒன்றென்றால் அடி ஒன்று, ஆகவே வெடி கூடியதை எடு என்பதே முதலில் கிடைக்கும் புத்திமதி. அந்தப் புத்திமதி பிழை. போர் என்ற எண் குழலின் உள்விட்டத்தை மட்டும் சொல்கிறது. பன்றி விழுமா, காயத்தோடு ஓடுமா, சுட்டவரின் தோள் தாங்குமா, அடுத்த காணியில் நிற்பவர் பிழைப்பாரா என்பதையெல்லாம் வேறு விடயங்களே தீர்மானிக்கின்றன.

எண்ணிலிருந்தே தொடங்கலாம். ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் ஒரு உருண்டை எவ்வளவு அகலமோ, அதுவே 12 போர்க் குழலின் உள்விட்டம்: 18.5 மில்லிமீற்றர். 16 உருண்டைகளாக வார்த்தால் 16.8 மில்லிமீற்றர், அது 16 போர். பீரங்கிக் காலத்து அளவுமுறை இன்றைக்கும் பெயரில் தங்கியிருக்கிறது. இந்த எண்ணில் குழலின் நீளம் இல்லை, துவக்கின் எடை இல்லை, குழல்வாயின் வடிவம் இல்லை, ரவை அறையின் ஆழமும் இல்லை. கைத்துப்பாக்கிகளிலும் இதே நிலைதான், அங்கே இது பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்டும் இருக்கிறது. 1984 இல் அமெரிக்க இராணுவம் 9 மில்லிமீற்றர் அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளைப் பல மாதம் சோதித்தபோது இத்தாலியின் பெரெட்டாவும் சிக் சோவரும் தேறின. ரவை ஒன்று, தேர்ச்சியும் ஒன்று, கடைசியில் விலைதான் பெரெட்டாவைத் தெரிவு செய்தது. 2017 இல் அதே இராணுவம் மறுபடி தெரிவு செய்தபோது சிக் சோவருக்கும் க்ளொக்குக்கும் இடையே போட்டி. அப்போதும் இரண்டும் 9 மில்லிமீற்றர்தான். ரவை இல்லாத பெரெட்டா 92 ஒரு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. க்ளொக் 17 அதன் மூன்றில் இரண்டு பங்கு எடை. ஒரே ரவையைச் சுடும் இவ்விரண்டும் கையில் வேறு வேறு பொருட்கள். இதே வேறுபாடு வயலோரத்துத் துவக்கில் இன்னும் பெரிதாகிறது. ஏனென்றால் கைத்துப்பாக்கி ஒரு சன்னத்தை அனுப்புகிறது, 12 போர் ஒரு கூட்டத்தை அனுப்புகிறது.

அந்தக் கூட்டம் எப்படிப் பரவுகிறது என்பதில்தான் விடயத்தின் மையம் இருக்கிறது. குழலைவிட்டு வெளியேறும் சன்னங்கள் குளத்தில் எறியும் வீச்சுவலைபோல் விரிந்துகொண்டே போகின்றன. கிட்டத்தில் வலை முழுவதும் சுருங்கியிருக்கும், எட்டத்தில் கண்கள் அகன்று மீன் தப்பும். விரிவைக் கட்டுப்படுத்தக் குழல்வாயைச் சற்று இறுக்கிவிடுகிறார்கள். இதற்குச் சோக் என்று பெயர். நிறை சோக் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இறுக்கம், அவ்வளவுதான். ஆனால் 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை வரைந்து எண்ணினால், இறுக்கமே இல்லாத குழலின் சன்னங்களில் நூற்றுக்கு 40 அளவில் அதற்குள் விழும். நிறை சோக்கில் 70 விழும். இங்கிலாந்தின் நியூகாசிலில் பேப் என்ற துப்பாக்கித் தொழிலாளர் 1866 இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பேர்மிங்காமின் கிரீனர் 1874 இலிருந்து இதைப் பரப்பினார். 1875 இல் இலண்டனில் நடந்த பகிரங்கச் சோதனைகளில் இறுக்கிய குழல்கள் பழைய குழல்களை வென்றன. அங்கே போட்டியிட்ட 12 போர்த் துவக்குகளின் உள்விட்டம் ஒன்றே. வித்தியாசம் குழலின் கடைசிச் சில விரற்கடை நீளத்தில் இருந்தது.

இதைப் பன்றிக்குப் பொருத்திப் பார்ப்போம். பன்றிக்கு எஸ்.ஜி. ரவைதான் வேண்டும் என்று சொல்வார்கள். எஸ்.ஜி. சன்னம் ஒன்று 8.4 மில்லிமீற்றர் அகலம், மூன்றரைக் கிராம் எடை. ஒரு அவுன்சுக்கு எட்டுத்தான். இறுக்கமில்லாத குழலிலிருந்து இந்த எட்டும் 20 மீற்றரில் ஏறத்தாழ அரை மீற்றர் வட்டத்தில் பரவும், 40 மீற்றரில் ஒரு மீற்றருக்கு மேல். பன்றியின் நெஞ்சறையில் உயிர்நிலையை 25 சென்ரிமீற்றர் வட்டமாக எடுத்துக்கொண்டால், 20 மீற்றரில் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு சன்னம் அங்கே படும். 40 மீற்றரில் அரைச் சன்னம்கூடத் தேறாது. மிச்சமெல்லாம் வயிற்றிலும் காலிலும் வெளியிலும் போகும். அந்தப் பன்றி சாவதில்லை. காயத்தோடு பற்றைக்குள் நுழைந்து பல நாள் துடிக்கும், அல்லது விடியற்புறம் அவ்வழியே வருபவர்மீது பாயும். இந்த இடத்தில் துவக்கில் இன்னும் நாலு ரவை இருப்பது உதவாது. அதே தூரத்தில் அதே பரவலோடு இன்னும் நாலு தடவை தவறவிடத்தான் அது உதவும். உதவக்கூடியது இரண்டு. ஒன்று, அரைச் சோக் அளவில் ஒழுங்காகப் பரப்பும் குழல். மற்றது, 25 மீற்றருக்கு அப்பால் விசையை இழுக்காத மனம். நிறை சோக்கே இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். பெரிய சன்னங்கள் இறுக்கமான வாயில் ஒன்றோடொன்று நெரிந்து, சில குழல்களில் கண்டபடி சிதறுகின்றன. எந்தக் குழல் எந்த ரவையை எப்படிப் பரப்பும் என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. பெரிய தாள் ஒன்றை நிறுத்திச் சுட்டுத் துளைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு துவக்குகளை ஒப்பிட இதைவிட நேர்மையான முறை இல்லை. அனுமதிப்பத்திரம் வழங்குவதற்கு முன் இதைச் செய்து காட்டும் ஒழுங்கு இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நீளக் குழல் தூரம் போகும் என்ற நம்பிக்கையும் உண்டு. கரிமருந்துக் காலத்தில் அதில் உண்மை இருந்தது. மருந்து மெதுவாக எரிந்தது, எரிந்து முடியக் குழல் நீளமாக இருக்க வேண்டியிருந்தது. புகையில்லா மருந்தின் அழுத்தம் ரவை அறையை விட்டுச் சன்னம் சில சென்ரிமீற்றர் நகர்வதற்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அதன்பின் கூடும் நீளம் மிகச் சிறிதளவு வேகத்தையே சேர்க்கும். 26 அங்குலக் குழலுக்கும் 30 அங்குலக் குழலுக்கும் இடையில் வேக வேறுபாடு நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவு. நீளக் குழல் குறிபார்க்க வசதி, ஆடாமல் நிற்கும். பன்றி அந்த வேகத்தை உணராது.

தூரம் பற்றிய பேச்சு வந்ததால் எனக்கு மிக முக்கியமாகப் படும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் படைத் தளபதி ஜூர்னே வகுத்த எளிய விதி ஒன்று உண்டு: உருண்டைச் சன்னம் ஆகக்கூடிய தூரம் போகும்படி மேல்நோக்கிச் சுட்டால், அதன் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் ஏறத்தாழ 80 மீற்றர் போகும். பறவைக்குப் போடும் 2.6 மில்லிமீற்றர்ச் சன்னம் 200 மீற்றர் சொச்சத்தில் விழுந்துவிடும். எஸ்.ஜி. சன்னம் 670 மீற்றர் வரை போகும். குழல் ஒற்றையா இரட்டையா, சோக் உண்டா இல்லையா, விலை கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் இந்தத் தூரத்தைப் பெரிதாக மாற்றாது. காற்றை எதிர்க்கும் வலு சன்னத்தின் பருமனில்தான் இருக்கிறது. இரணைமடுவின் கீழ்ப்புற வயல் தட்டையானது. வரம்பும் வாய்க்கால் கரையும் தவிரச் சன்னத்தை நிறுத்த ஒன்றுமில்லை. 670 மீற்றருக்குள் வேறொருவரின் காவல் கொட்டில் இருக்கும், வாய்க்கால் தெருவில் சைக்கிளில் போகிறவர் இருப்பார், வீடு இருக்கும். இருட்டில் ரோச் வெளிச்சம் எட்டுவது அதில் பத்திலொரு பங்கு. ஆகவே தெரிவின் முதற் கேள்வி எந்தத் துவக்கு என்பதாக இருக்கக்கூடாது. எந்த ரவை, எந்தத் திசை, பின்னால் என்ன இருக்கிறது என்பதாக இருக்க வேண்டும். பரணில் இருந்து நிலத்தை நோக்கிக் கீழே சுடுவது சன்னத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. வரம்பில் நின்று மட்டமாகச் சுடுவது அதை ஊருக்குள் அனுப்புகிறது.

இனித் தோளைப் பற்றி. 32 கிராம் சன்னக் கூட்டம் வினாடிக்கு 370 மீற்றர் வேகத்தில் முன்னால் போனால், அதே உந்தம் துவக்கைப் பின்னால் தள்ளும். தக்கையையும் எரிவாயுவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 3.4 கிலோகிராம் துவக்கு வினாடிக்கு 4 மீற்றர் வேகத்தில் தோளில் இடிக்கும், ஆற்றல் 27 யூல். அதே ரவையை 2.7 கிலோகிராம் துவக்கில் போட்டால் வேகம் 5 மீற்றர், ஆற்றல் 34 யூல். இலகுவான துவக்கு சுமக்கச் சுகம், சுட வேதனை. வேதனையை ஒருமுறை உணர்ந்த உடல் அடுத்த முறை விசையை இழுக்கும் கணத்தில் தானாகவே சுருங்கும், கண் மூடும், குழல் இறங்கும். அரைத் தானியங்கிக்கு இதில் ஒரு நியாயமான சாதகம் உண்டு, அதை மறுக்கக்கூடாது. வாயுவின் ஒரு பங்கைப் பொறியை இயக்க எடுத்துக்கொள்வதால், அல்லது 1900 இல் ஜோன் பிரவுணிங் காப்புரிமை பெற்ற வடிவத்தில் குழலே பின்னகர்வதால், அடி சற்று நீண்ட நேரத்துக்குப் பரவித் தோளுக்கு மென்மையாகப் படுகிறது. உந்தத்தின் அளவு குறைவதில்லை. அது வந்து சேரும் நேரம் நீள்கிறது. ஆனால் அந்தப் பொறி எண்ணெயும் துப்புரவும் கேட்கும், ஒரே தரமான ரவை கேட்கும். மாரியில் ஈரம் ஊறிய ரவை, போன வருடம் வாங்கி ஓலைக் கொட்டிலில் வைத்த ரவை, சேறு படிந்த கை ஆகியவற்றை ஒற்றைக் குழல் பொறுத்துக்கொள்ளும். பொறி பொறுக்காது.

ஈரமான ரவையில் இன்னுமொரு ஆபத்து இருக்கிறது. மருந்து அரைகுறையாக எரிந்தால் சத்தம் அமுங்கி வரும், தக்கை குழலுக்குள்ளேயே நின்றுவிடும். மடித்துத் திறக்கும் துவக்கில் அடுத்த ரவையைப் போடுமுன் குழலைக் கண்ணால் பார்க்கலாம். பார்க்கும்படி அதன் அமைப்பே கட்டாயப்படுத்துகிறது. அரைத் தானியங்கியில், பொறி முழுதாக இயங்காவிட்டால், கை தானாகவே அதை இழுத்து அடுத்த ரவையை ஏற்றிவிடும். அடைபட்ட குழலில் அடுத்த வெடி தீர்ந்தால் குழல் பிளக்கும். இரண்டாவது வெடி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் அரைத் தானியங்கியின் பெருமை. இந்த ஒரு தருணத்தில் அதுவே கொல்லும்.

பழைய துவக்குகளுக்கு வருவோம். தகப்பனுக்குப் பின் மகன் என்று கைமாறி வந்த இங்கிலாந்து, பெல்ஜியத் தயாரிப்புகளும் இந்நாட்டில் உண்டு. இவற்றில் பல 65 மில்லிமீற்றர் ஆழமுள்ள ரவை அறையோடு செய்யப்பட்டவை. இன்றைய பெரும்பாலான ரவைகள் 70 மில்லிமீற்றர். இதில் ஒரு பொறிக்கிடங்கு இருக்கிறது: ரவையின் பெட்டியில் எழுதியிருக்கும் நீளம், வெடித்து வாய் விரிந்தபின் கூட்டின் நீளம். வெடிக்குமுன் வாய் மடிந்திருப்பதால் 70 மில்லிமீற்றர் ரவை 65 மில்லிமீற்றர் அறைக்குள் தடங்கலில்லாமல் போகும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் குறுகலுக்குள் திணிபடும், அழுத்தம் அளவு மீறும். 12 போர் என்ற எண் இரண்டிலும் ஒன்றுதான்; போட்டால் பொருந்தும், மூடினால் மூடும், கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. குழலின் அடிப்புறத்தில் அறை ஆழமும் சோதனை முத்திரையும் பொறிக்கப்பட்டிருக்கும். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் எந்தப் பழைய துவக்கையும் யாரும் சுடக்கூடாது.

பிடங்கின் அளவு சின்ன விடயம்போல் தோன்றும். சன்னத் துவக்கில் பின்குறி கிடையாது. சுடுபவரின் கண்ணே பின்குறி. கன்னம் பிடங்கில் வைக்கும் இடம் ஒரு சென்ரிமீற்றர் மாறினால், கண்ணிலிருந்து குழல்வாய் வரை 90 சென்ரிமீற்றர் என்ற கணக்கில், 30 மீற்றரில் அடி 33 சென்ரிமீற்றர் விலகும். மேலே உயிர்நிலைக்கு நாம் எடுத்த வட்டத்தைவிட இது பெரிது. ஐரோப்பிய உடம்புக்கு அளந்த நீளப் பிடங்கை உயரம் குறைந்த ஒருவர் தோளில் வைத்தால் தலை முன்னால் நீளும், கன்னம் தவறான இடத்தில் படும். குடும்பத் தலைவியே கமம் செய்யும் வீடுகள் வன்னியில் பல. யுத்தத்தின் பின் அப்படித்தான் ஆயிற்று. அந்த வீடுகளில் இந்த அளவு இன்னும் முக்கியமாகிறது. மரப் பிடங்கைத் தச்சர் ஒருவரால் அறுத்துப் பொருத்த முடியும். போரை மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை.

இதற்கெல்லாம் பெரிய ஆட்சேபம் ஒன்று உண்டு: கமக்காரருக்குத் தெரிவே இல்லையே, கிடைப்பதைத்தானே எடுக்க வேண்டும். உண்மை. 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். கேட்டவர்க்கெல்லாம் அது கிடைப்பதுமில்லை, கிடைக்கவும் கூடாது. 1980களில் வடக்கின் வீடுகளிலிருந்த அனுமதி பெற்ற துவக்குகளை ஆயுத இயக்கங்கள் எடுத்துச் சென்றன. 2009 வரை வெடிச்சத்தத்துக்குள் வாழ்ந்த ஊர்களில் இரவில் ஒரு துவக்கு வெடித்தால் எழும் கலக்கத்தைப் பன்றியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. ஆகவே இந்தத் தெரிவுக்கான அளவுகோல் வாங்குபவரைவிட வழங்குபவருக்கே கூடுதலாக வேண்டும். படிவத்தில் 12 போர் என்று ஒரு வரி எழுதி முடிப்பதற்குப் பதிலாக, மடித்துத் திறக்கும் ஒற்றைக் குழல் அல்லது இரட்டைக் குழல், 70 மில்லிமீற்றர் அறை, மூன்று கிலோகிராமுக்குக் குறையாத எடை, அரைச் சோக்கைத் தாண்டாத குழல்வாய் என்று எழுதுவது கூடுதல் செலவில்லாத வேலை. இரட்டைக் குழலை நான் ஏற்கிறேன். காயப்பட்ட விலங்கின் வேதனையை உடனே முடிக்க இரண்டாவது வெடி வேண்டும் என்பது நியாயமான வாதம், அதற்கு இரண்டு போதும்.

யானைக்கும் துவக்கு வேண்டும் என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சட்டம் தடுக்கிறது என்பது ஒரு காரணம். 1937 இலிருந்து வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் இயற்பியலில் இருக்கிறது. மூன்றரைக் கிராம் ஈய உருண்டை கனத்த தோலையும் தசையையும் கடந்து யானையின் உயிர்நிலையைத் தொடாது. அது தசைக்குள் தங்கிச் சீழ் பிடிக்கும். அந்த யானை வாரக்கணக்கில் மெலிந்து, நடக்க முடியாமல், குளக்கரையில் விழுந்து சாகும். சாகும்வரை மனிதரைக் கண்டால் முன்னைவிட மூர்க்கமாக வரும். பயிரும் மிஞ்சாது, யானையும் மிஞ்சாது. யானைக்கு மின்வேலியும் கூட்டுக் காவலும்தான் கருவி. கட்டுத்துவக்கைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை: யார் தடக்கினாலும் வெடிக்கும் ஒன்றுக்குத் தெரிவு என்ற சொல்லே பொருந்தாது.

கடைசியாக ஈயம். இரணைமடுவின் நீர் வாய்க்காலாகி வயலுக்குப் போகிறது. கழிவு நீர் வடகிழக்கே சுண்டிக்குளம் கடனீரேரிப் பக்கம் வடிகிறது, அங்கே ஆண்டுதோறும் வலசைப் பறவைகள் வந்திறங்குகின்றன. நீர்ப்பறவைகள் இரையை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும்; சேற்றில் கிடக்கும் சன்னத்தையும் கல்லென்று விழுங்கி ஈய நஞ்சால் சாகும். இதனாலேயே அமெரிக்கா 1991 இல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் ஈரநிலங்களில் அதைத் தடுத்தது. உருக்குச் சன்னம் ஈயத்தைப்போல் நசுங்காது; மெல்லிய பழைய குழலின் இறுகிய வாயை அது காலப்போக்கில் வீங்கச் செய்யும். இன்று ஒரு கமக்காரருக்கு வழங்கும் துவக்கு இன்னும் 30, 40 வருடம் அந்த வீட்டில் இருக்கும். அதற்குள் ஈயத்தைக் கைவிட வேண்டிய நாள் இங்கும் வரலாம். நிறை சோக்குள்ள குழல் அன்றைக்கு உதவாது. உருக்குச் சன்னத்துக்கென்று சோதித்து முத்திரையிட்ட, வாய் திறந்த குழல் உதவும். இரண்டும் 12 போர்தான்.